புதரை வழிப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் வீட்டுத் தட்டுப்பாடு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, கட்டுமானத்தால் இழக்கும் இயற்கையைவிடக் கூடுதலாக உருவாக்கித் தர வேண்டும் என்னும் பல்லுயிர் நிகர ஆதாய விதியைக் கட்டுமான நிறுவனங்களின் தலையில் ஏற்றப்பட்ட இன்னொரு சுமை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. கென்ட்டில் சிறு நிறுவனங்களுக்குத் திட்ட அனுமதி விண்ணப்பங்கள் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அதை ஏற்க முடியவில்லை. இந்த விதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் அது பெரும் சுமையாகிறது.

2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி, பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும் சிறு மனைகளுக்கு ஏப்ரல் 2 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. கட்டுமானத்துக்கு முன்பிருந்த வாழிடத்தின், அதாவது செடிகொடிகளும் உயிரினங்களும் வாழும் இடத்தின், மதிப்பைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாக உருவாக்கி, அதை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். சொந்த வீட்டின் பின்புறம் ஓர் அறையை நீட்டிக் கட்டுவோருக்கு இது பொருந்தாது. பரப்பு, வாழிடத்தின் வகை, அதன் நிலை, அமைந்த இடம் ஆகியவற்றைக் கொண்டு அரசின் அளவீட்டு முறை மதிப்பை அலகுகளாகக் கணக்கிடுகிறது. பறவைக்கூடு மாட்டுவதும் முள்ளெலி நுழைய வேலியில் வழி விடுவதும் நல்ல காரியங்களே. ஆனால் அவற்றுக்கு அலகு கிடையாது.

சென்ற ஆண்டு ஒரு சிறு நிறுவனம், மனை கைக்கு வந்த வாரமே இயந்திரத்தை இறக்கி, மூலையில் மண்டியிருந்த பிளாக்பெரி முட்புதரையும் சாலையோரத்து ஹாதோர்ன் உயிர்வேலியில் பாதியையும் வழித்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது வேரோடு பிடுங்கிய அடிக்கட்டைகள் சேற்றில் கிடந்தன. எஞ்சிய வேலியின் செம்பழங்களைப் பறவைகள் கொத்திக்கொண்டிருந்தன. வெறும் மண்ணாகிவிட்டால் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். 2020 ஜனவரி 30-க்குப் பிறகு அனுமதியில்லாமல் அழித்தவற்றை, அழிப்பதற்கு முன்பிருந்த நிலையிலேயே வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது சட்டம். அந்தப் புதரோ பழைய வான்படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

முட்புதருக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார்கள். அரசின் கணக்கில் ஒரு ஹெக்டேர் பிளாக்பெரி புதரின் அடிப்படை மதிப்பு 4 அலகு. சுமாரான நிலையிலுள்ள ஒரு ஹெக்டேர் சாதாரணப் புல்வெளிக்கும் அதே 4 அலகுதான். ஆனாலும் புதருக்கு ஈடாக அந்தப் புல்வெளியைக் காட்ட முடியாது. புதர் வகையிலேயே இன்னொன்றையோ, அதைவிடத் தரம் உயர்ந்த வாழிடத்தையோதான் காட்ட வேண்டும். உயிர்வேலிக்கு முற்றிலும் தனிக் கணக்கு. புதிதாக நடுபவை தழைக்காமல் போகும் அபாயத்துக்கும் வளர்ந்து நிலைபெற ஆகும் ஆண்டுகளுக்கும் அலகில் கழிவு உண்டு என்பதால், இருக்கும் வேலியை விட்டுவைப்பதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே கட்டட வரைபடத்துக்கு முன்பே சூழலியலாளரை மனைக்கு அழைக்க வேண்டும். புல்வெளியின் நிலையைச் சரியாக மதிப்பிட ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலமே ஏற்றது. நிலத்தை டிசம்பரில் வாங்கி ஜனவரியில் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விற்கப்போகும் வீடுகளின் தனித்தோட்டங்களில் புதிதாக நடும் மரங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதால், பொது இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கியாக வேண்டும். மனைக்குள் முடியாத மிச்சத்துக்கு, 30 ஆண்டு ஒப்பந்தத்துடன் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட, வாழிடங்களை உருவாக்கி அலகுகளாக விற்கும் வாழிட வங்கியிடமோ நில உடைமையாளரிடமோ அலகு வாங்கலாம். அதற்கும் வழியில்லாதபோதுதான் அரசே விற்கும் சட்டப்படியான கிரெடிட். அதன் மிகக் குறைந்த விலையே 42,000 பவுண்ட். ஓர் அலகுக்கு இரண்டு கிரெடிட் வாங்க வேண்டும் என்பதால் 84,000 ஆகிவிடும். மேலே சொன்ன நிறுவனம் வங்கியிடம் வாங்கித் தப்பித்தது. ஆனால் அந்த 10 விழுக்காட்டை எப்படி எட்டுவோம் என்று காட்டும் ஆதாயத் திட்டத்துக்கு உள்ளாட்சிக் கவுன்சில் ஒப்புதல் தராமல் வேலையைத் தொடங்க முடியாதென்பதால் பல மாதங்களை இழந்தது.

எனக்கும் இந்த விதியில் ஒரு மனக்குறை உண்டு. மனைக்குள் உருவாக்கும் வாழிடம் பத்தாவது ஆண்டிலும் இருபதாவது ஆண்டிலும் உயிரோடு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கக் கவுன்சில்களில் போதிய ஆட்கள் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதிய 30 ஆண்டுகள் காகிதத்திலேயே கழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். பராமரிப்புச் செலவில் பங்கு கொடுக்கப்போகும் குடியிருப்பாளர்களுக்கும் இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. தங்கள் அடுத்த கட்டுரை இந்தக் கண்காணிப்பைப் பற்றியதாக இருந்தால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கென்ட், இங்கிலாந்து