முள் நின்றுபோனால் எங்களைச் சந்தேகப்படாதீர்கள்

எடை குறைக்க ஆலோசனை சொல்லும் மருத்துவர்கள், உணவு ஆலோசகர்கள், ஜிம் பயிற்சியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

“உண்மையைச் சொல்லுங்கம்மா, இடையில என்ன சாப்பிட்டீங்க?” மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்த எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால், உங்களில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். நான் சாப்பாட்டையும் நடையையும் மட்டும் வைத்து எடை குறைத்தவள். என் அக்கா எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாள். வழி வேறு வேறு என்றாலும் இருவருக்கும் எடை நின்றது, இருவரிடமும் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான். தயவுசெய்து அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

எடை ஏன் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உடம்பு இளைக்க இளைக்க அதற்குத் தேவைப்படும் சக்தி குறைகிறது. அந்த எடைக்கு எவ்வளவு செலவாக வேண்டுமோ, அதைவிடவும் குறைவாகவே உடல் செலவழிக்கிறது என்று 1995-லேயே அமெரிக்காவில் ரூடால்ஃப் லைபல் குழு அளந்து காட்டியது. இன்னொரு பக்கம் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 2011-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் போட்ட கணக்கு இதைவிடத் தெளிவானது. ஒரு கிலோ குறைந்தால் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி கூடுகிறது. அப்படியானால் பத்து கிலோ குறைத்த ஒருவர் தினமும் எவ்வளவு பசியோடு மல்லுக்கட்டுகிறார் என்று பாருங்கள். அவரிடம் போய் “கட்டுப்பாடு இல்லை” என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

நாங்கள் சாப்பிடுவதைக் குறைத்துச் சொல்கிறோம் என்பதும் உண்மைதான். 1992-ல் ஓர் ஆய்வில், என்ன செய்தும் எடை குறையவில்லை என்று வந்தவர்கள் தாங்கள் உண்டதைப் பாதியளவுக்குத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அளவு தெரியாமல் போவது வேறு, பொய் சொல்வது வேறு. “இரண்டு இட்லி, சட்னி” என்று நோட்டில் எழுதுகிறோம். சட்னியில் அரைத்த தேங்காயையும் அதன் மேல் கொட்டிய தாளிப்பையும் யார் எழுதுகிறார்கள்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி. தொடக்கத்தில் அளந்து ஊற்றிய கை சில மாதங்களில் பழையபடி தாராளமாகிவிடும். “தாளிக்க எந்தக் கரண்டி வைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். சந்தேகம் இல்லாத கேள்வி அது, பதிலும் நேராக வரும்.

ஊசிக்கும் இதே விதிதான், கொஞ்சம் தள்ளி வருகிறது, அவ்வளவே. இப்படி வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைடு என்ற மருந்து பசியை அடக்குவதால் இறக்கம் நீண்ட நாள் தொடர்கிறது. 2021-ல் வெளியான பெரிய சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. அதிலும் சுமார் 60-வது வாரத்தில் எடை இறங்குவது நின்றுவிட்டது. நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. இதை அக்காவிடம் முதல் நாளே யாரும் சொல்லவில்லை. எடை நின்றதும், இவ்வளவு காசு கொடுத்தும் பலனில்லை என்று நினைத்து ஊசியை விட்டுவிடப் பார்த்தாள். நின்ற எடை மறுபடி ஏறாமல் காப்பதும் அந்த மருந்து செய்யும் வேலைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அதனால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: ஒரு கட்டத்தில் நிற்கும், நின்றால் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று. நின்றதும் சாப்பாட்டை இன்னும் பாதியாக வெட்டாதீர்கள். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. அதைக் காப்பாற்ற எடை தூக்கும் பயிற்சியும், பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையும் புரதமும் வேண்டும். ஜிம் பயிற்சியாளர்களே, பெண்கள் என்றாலே டிரெட்மில்லில் ஏற்றிவிடும் பழக்கத்தை விடுங்கள். மருத்துவர்களே, தூக்கம் எப்படி என்று கேளுங்கள், தைராய்டைப் பாருங்கள், மருந்துச் சீட்டையும் ஒரு முறை புரட்டுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அதற்காக நாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது, மாற்று உண்டா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ பெரிதாக மாறவே இல்லை. நம் ஊரிலேயே கிடைத்த சான்று இது. இதை ஏன் எங்களிடம் சொல்வதில்லை?

அடுத்த முறை முள் நகராமல் ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், இடுப்பளவை எடுங்கள், இரத்த அழுத்தத்தையும் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பழையதோடு ஒப்பிட்டு அவரிடமே காட்டுங்கள். அதற்குப் பிறகு, இன்னும் குறைக்க வேண்டுமா, இருப்பதைக் காப்பாற்றினால் போதுமா என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெறும் ஒருத்தி