ஆண்டறிக்கை: ஒரு பச்சை டிக் பார்த்த வேலை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை முக்கால்வாசி விழுங்கியது பிரவுசர் கோடுக்கு எழுதிய அசிங்க் டெஸ்டுகள்தான் (பதில் உடனே வராமல் பிறகு வரும் வேலைகளைச் சோதிக்கும் கோடு) என்பதால் நேராக அதற்கே வருகிறேன்.

நம் உறுப்பினர் பதிவுப் படிவத்துக்கு டெஸ்ட் இருந்தது, அதுவும் பல மாதமாகப் பச்சையாகவே, அதாவது பாஸ் என்றே இருந்தது, ஆனால் தவறான தகவலை அனுப்பினால் வரவேண்டிய பிழைச் செய்தி மட்டும் திரையில் வரவே இல்லை. டெஸ்டைத் திறந்து பார்த்தால் சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச் இருக்கிறது, பதில் வந்த பிறகு ஓடும் தென்னுக்குள் மதிப்பைச் சரிபார்க்கும் எக்ஸ்பெக்ட் இருக்கிறது, ஃபெட்சுக்கு முன்னால் ரிட்டர்ன் இல்லை. பிராமிஸ் (பதில் பிறகு வரும் என்பதற்கான சீட்டு) கைக்கு வராததால் டெஸ்டுகளை ஓட்டும் ரன்னர், ஃபங்ஷன் முடிந்த கையோடு கணக்கை மூடிவிட்டது; பதில் வந்து எக்ஸ்பெக்ட் ஓடியபோது அதைக் கேட்க ஆளே இல்லை. எழுதியது யார் என்று கூட்டத்தில் கேட்டீர்கள், அப்போது பேச்சை மாற்றினேன்: நான்தான்.

அதன்பின் ஒரு தீர்மானம் போட்டோம். புது டெஸ்ட் எழுதினால் எதிர்பார்க்கும் மதிப்பை வேண்டுமென்றே தப்பாக மாற்றி, சிவப்பு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். க்யூயூனிட் என்ற டெஸ்ட் கருவியில் ஒரு சரிபார்ப்புகூட ஓடாத டெஸ்ட் தானாகவே ஃபெயில் ஆகிவிடும். ஜெஸ்ட் என்ற இன்னொரு கருவியில் எத்தனை சரிபார்ப்பு ஓட வேண்டும் என்று எக்ஸ்பெக்ட்.அசெர்ஷன்ஸ் வழியாக நாமே சொல்ல வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வைக்கும் அசிங்க், அவெயிட் என்ற சொற்கள் 2017-லேயே ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று சிலர் சொன்னார்கள். அவெயிட்டை மறந்தாலும் இதே கதைதான்.

டெஸ்ட் முடிந்தது என்று ரன்னருக்குச் சொல்ல நாம் அழைக்கும் டன் கால்பேக் விஷயத்திலும் கொஞ்சம் சண்டை நடந்தது. தென்னுக்குள் எக்ஸ்பெக்ட் தோற்றால் அடுத்த வரியில் இருக்கும் டன் ஓடாது, அதனால் பல நேரம் உண்மைக் காரணத்துக்குப் பதில் டைம்அவுட் (நேரம் முடிந்தது) என்று மட்டுமே காட்டும். டெஸ்ட் கருவிகளில் மோக்கா 2 விநாடி காத்திருக்கும், ஜாஸ்மினும் ஜெஸ்டும் 5 விநாடி. அதை 20 ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 20 விநாடி கழித்து அதே செய்தியைப் பார்ப்போம், அவ்வளவுதான், நிராகரித்தோம்.

ரசித்த வழக்கு ஒன்று. உறுப்பினர் ஒருவருடைய டெஸ்ட் அவர் பார்த்துக்கொண்டிருந்தால் பாஸ், வேறு டேபுக்குப் போய்வந்தால் ஃபெயில். பேய் பிடித்திருக்கிறது என்றே சொன்னார். உள்ளே செட்டைம்அவுட் என்ற டைமரை வைத்து 200 மில்லிவிநாடி வீதம் நான்கு முறை காத்திருக்கிறது; பின்னால் கிடக்கும் டேபில் பிரவுசர் டைமர்களை விநாடிக்கு ஒன்று என்கிற அளவுக்கு மெதுவாக்கிவிடும், ஆக மோக்காவின் 2 விநாடி தாண்டிவிடுகிறது. சைனான் என்ற நூலகத்தின் போலிக் கடிகாரத்தை (நேரத்தை நாமே நகர்த்தலாம்) போட்டதும் காத்திருப்பே இல்லாமல் போனது. அப்புறம் அதிலும் ஒரு முடிச்சு: கடிகாரத்தை நகர்த்தும் டிக் என்ற கட்டளையைக் கொடுத்தால் டைமர் ஓடும், ஆனால் அதற்குள் இருக்கும் பிராமிஸின் தென் அந்த வரியிலேயே ஓடாது, எனவே தென்னும் ஓட இடம் கொடுக்கும் டிக்அசிங்க்கை அவெயிட்டோடு அழைக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்து, அடுத்து வந்த டெஸ்டுகள் உறைந்து நின்றதையும் இங்கே பதிவு செய்கிறேன், அது நானில்லை.

நிலுவையில் இருப்பது: ரன்னரை நிறுத்தி மறுபடி ஓடவிடும் ஸ்டாப், ஸ்டார்ட் வைத்து எழுதிய பழைய க்யூயூனிட் டெஸ்டுகள். 2016-இல் வந்த 2.0 பதிப்பிலேயே அந்தப் பாணி போய்விட்டது, நாம் இன்னும் பழைய பதிப்பைக் கட்டி அழுகிறோம். ஒவ்வொன்றையும் க்யூயூனிட்டின் புது வழியான அசெர்ட்.அசிங்க்குக்கோ அவெயிட்டுக்கோ மாற்ற வேண்டும். அடுத்த செயலாளரிடம் சாவியோடு அந்தப் பட்டியலையும் கொடுக்கிறேன்.