ஆச்சிக்கு, அந்தப் போட்டோவைப் பற்றி

ஆச்சி,

அடுத்த வாரம் ஆத்தாவுக்குத் தலைத்திவசம். பல்லவனில் டிக்கெட் போட்டுவிட்டேன், முதல் நாள் ராத்திரியே வந்துவிடுவேன். வந்தாலும் நாம் பேசப்போவதில்லை என்று தெரியும். வளவு நிறைய ஆள் இருப்பார்கள், நீங்கள் முகப்புக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பீர்கள், நான் எதையாவது ஆரம்பித்தால் "முதல்ல சாப்பிடு தம்பி" என்பீர்கள். போனிலும் அதேதான். அதனால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா, ஆத்தா என்றால் அம்மா. பங்காளிகளில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும், அந்தப் போட்டோவைப் பார்த்தவர்களும் அவர்கள்தான்.

2008 டிசம்பரில் கேப்டவுனிலிருந்து கொச்சிக்கு வந்து நின்ற, உலகைச் சுற்றும் வால்வோ பாய்மரப் பந்தயப் படகுகளை நான் பார்த்ததும், அன்றிலிருந்து எனக்குப் பிடித்த பைத்தியமும் உங்களுக்கு மனப்பாடம், அதற்குள் போகவில்லை. நானே அப்படி ஒரு பந்தயத்தில் போகப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குள்ளும் போகவில்லை. அது நம் இருவருக்கும் இடையில் தீர்ந்துவிட்ட கணக்கு. தீர்ந்ததற்கு நீங்களே சாட்சி. இவ்வளவு போதும்.

போட்டோவுக்கு வருகிறேன். கேப்டவுனிலிருந்து பந்தயத்தில் கிளம்பிய எங்கள் பாய்மரப் படகு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறையில் வந்து கட்டியதும் எடுத்தது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், கையில் பீர், பக்கத்தில் ஒருத்தர் என் தோளில் கை போட்டிருக்கிறார். அது இணையத்தில் ஏறி, அங்கிருந்து நம் குடும்ப வாட்ஸ்ஆப்பில் விழுந்து, கருமாதி கூட முடியாத வீட்டில் எல்லோர் கையிலும் சுற்றியிருக்கிறது. "ஆத்தா போய்ச் சேர்ந்தாச்சு, மகன் அங்க சிரிச்சிக்கிட்டு நிக்கிறான்" என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன்.

எனக்குத் தெரியாது. இதை ஒரு தடவையாவது பொதுவில் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோ எடுத்தபோது ஆத்தா இறந்தது எனக்குத் தெரியாது. கால் மணி நேரம் கழித்து எங்கள் படகுத் தலைவரான ஸ்கிப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு அறையில் உட்கார வைத்துச் சொன்னார். அதுவரை சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது நீங்கள்.

இதை எழுதியது உங்களைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆச்சி, நீங்களே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவனுக்கு நாங்க சொல்லலை" என்று. முகப்பில் உட்கார்ந்து பேசினவர்களின் வாய் அன்றைக்கே அடைத்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. ஏன் என்று இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன். ஆத்தாவுக்குக் கஞ்சி ஊட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, ராத்திரியெல்லாம் கூட விழித்திருந்து, கடைசியில் யார் கொள்ளி வைப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசியபோதும் நீங்கள் தனியாக நின்றிருக்கிறீர்கள். அதற்கப்புறம் தம்பிக்காக வாதாட உங்களிடம் தெம்பு இருந்திருக்காது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நடுக்கடலில் இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது, திரும்பி வர முடியுமா, அழுதுகொண்டே கையை விட்டுவிட்டால் என்ன செய்வது? சரிதான். கேப்டவுனுக்கும் ஃப்ரீமான்டிலுக்கும் நடுவில் 4,000 கடல் மைலுக்கு மேல் தண்ணீர். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பாதி வழியில் இருக்கும் படகைத் திருப்பினால் எதிர்க்காற்று, நேராகப் போவதுதான் சீக்கிரம் கரை சேரும் வழி. ஹெலிகாப்டர் அவ்வளவு தூரம் வராது. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் அதே நாளில்தான் கரையேறியிருப்பேன், அதே விமானத்தில்தான் வந்திருப்பேன். இதையெல்லாம் உங்கள் சின்னவள் எனக்கு விளக்கினாள், பந்தய அலுவலகத்துக்கு அந்த மெயிலை எழுதியதும் அவள்தானே. எல்லாம் சரி. ஆனால் அழுவதற்கு எனக்கு விமானம் தேவையில்லை.

ஒரு ராத்திரியைப் பற்றி உங்களிடம் சொல்லவே இல்லை. சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்ற பயம்தான். படகில் லாக் புத்தகம் என்று ஒன்று உண்டு, மணிக்கு மணி எங்கே இருக்கிறோம், காற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று எழுதி வைப்பார்கள். நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். ஆத்தா போனது ராத்திரி பதினொரு மணி வாக்கில் என்று நீங்கள் சொன்னீர்கள். ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே ஸ்கிப்பரிடம் கேட்டு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் சுக்கான் என் கையில் இருந்தது.

தெற்கே 43 டிகிரி அட்சரேகைக்கு அருகில், காற்று பின்னாலிருந்து 35 நாட், அதாவது மணிக்கு 35 கடல் மைல். அந்தப் பக்கம் அலைக்குத் தடையே கிடையாது, மேற்கிலிருந்து கிளம்பினால் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய பாயைச் சுருக்கிக் கட்டியிருந்தோம், பாயின் அடிக்கட்டையான பூம் இந்தப் பக்கம் அடித்துவிடாமல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. என் பாதுகாப்பு வாரின் (ஹார்னஸ்) கொக்கி சுக்கானுக்குப் பக்கத்து வளையத்தில். கண் எதிரே இருப்பது திசைகாட்டியின் சின்னச் சிவப்பு வெளிச்சம் மட்டும், மற்றதெல்லாம் இருட்டு. முதல் நாட்களில் அந்த வெளிச்சத்தையே வெறித்துக்கொண்டு ஓட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடுமாறி, எங்கள் ஷிப்டின் வாட்ச் தலைவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர், குரலை உயர்த்தவே மாட்டார், "உன் கால் சொல்வதைக் கேள்" என்பார். அன்றைக்குத்தான் கால் சொல்வது எனக்குக் கேட்டது. முதலில் படகின் பின்பக்கம் லேசாகத் தூக்கும். அது அலை வந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது திரும்பிப் பார்க்கவே கூடாது. சுக்கானைக் கொஞ்சமே கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால், கண்மாய்க்கரை மேலே ஏறி நின்ற மாட்டு வண்டி அந்தப் பக்கம் சரிவில் மாடு நுகம் எதற்கும் அடங்காமல் ஓடுகிற மாதிரி மொத்தப் படகும் அலையின் முகத்தில் இறங்கி ஓடும். 12 நாட் வேகத்தில் இருந்த முள் 15, 18, 20 என்று ஏறும். 70 அடிப் படகு, 30 டன்னுக்கு மேல் எடை, அடியில் ஏதோ ரீங்காரம் போட ஆரம்பிக்கும், இரண்டு பக்கமும் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பிரிந்து போகும், அதில் பச்சை பச்சையாக ஒளி. இடது கைப் பக்கம், அதாவது வடக்கே, ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் மரத்துப் போயிருந்தது. நான் கத்தினேன் ஆச்சி. என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான் கத்தியிருப்பேன், மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதே நேரத்தில் பள்ளத்தூரில் நம் வீட்டு இரண்டாங்கட்டில் நீங்கள் ஆத்தாவின் வாயில் பால் விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

லாக் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த மணி நேரத்தில் நாங்கள் கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டி 79-ஐ நெருங்கிக்கொண்டிருந்தோம். நம் ஊர் இருப்பதும் அதற்குள்தான். மேப்பில் பள்ளத்தூரிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கீழக்கரைப் பக்கம் கடலைத் தொடுகிறது. அதற்கப்புறம் இலங்கை அந்தக் கோட்டில் இல்லை, கரையோரச் சின்னத் தீவுகளைத் தாண்டினால் எந்தத் தீவும் இல்லை, அண்டார்டிகா வரைக்கும் வெறும் தண்ணீர். அந்தக் கோட்டின் மேல், 3,000 கடல் மைலுக்கு அப்பால், நான். இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நான் அர்த்தம் சொல்லவில்லை, நான் எங்கே இருந்தேன் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், அங்கேதான் இருந்தேன் என்கிறேன்.

அந்த ராத்திரிக்காக நான் வருத்தப்பட மாட்டேன். உங்களைத் தனியாக விட்டதற்கு வருந்துகிறேன், பெரியவர்கள் நடுவில் நீங்கள் நின்றதற்கு வருந்துகிறேன், பங்காளி வீட்டுத் தம்பி கொள்ளி வைத்ததற்கு ஆயுசுக்கும் வருந்துவேன். அந்த ராத்திரிக்கு மாட்டேன்.

எனக்கு ஆறாதது அதற்கு அடுத்து வந்த நாட்கள்தான். ஸ்கிப்பருக்கு மறுநாளே தெரியும். அன்றிலிருந்து என்னிடம் தணிந்து பேசினார். சுக்கானை எனக்கு அதிக நேரம் கொடுத்தார். சமையல் முறை வந்த அன்று என் கூடவே நின்று பாத்திரம் கழுவினார். நான் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டேன், அதனால்தான் இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். படகில் என் படுக்கையில் படுத்துக்கொண்டு, கரை ஏறியதும் ஆத்தாவிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், திரும்பத் திரும்ப. "ஜெயிச்சா என்ன தருவாக?" என்று ஆத்தா கேட்டதும், "ஒன்னும் தர மாட்டாக" என்று நான் சொன்னதும், "அப்ப பத்திரமா வா" என்று இஞ்சி மரப்பா டப்பாவைக் கையில் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். அந்த டப்பாவில் மிச்சம் இருந்ததை ஆத்தா காலமான பிறகு நான் சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தேன். அந்த நாட்களை என்னிடமிருந்து எடுத்தது நீங்கள்.

முகப்பில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, அதாவது எங்கள் தாத்தா, பர்மாவின் மோல்மேனில் கணக்குப் பார்க்கப் போனது மூன்று வருஷத் தவணையில். அவரைப் பெற்றவர் இறந்த செய்தி கடிதத்தில்தான் போனது, கப்பலில் போய்ச் சேர்வதற்குள் கருமாதியே முடிந்துவிட்டது, அவர் அங்கேயே முருகன் கோவிலில் மொட்டை போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. 1942-இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து அரக்கான் வழியாக நடந்தே அவர் திரும்பி வந்ததைத்தான் நம் வீட்டில் எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிறார்கள். சம்பாதிக்கக் கடல் தாண்டினால் கடமை, தாண்டுவதற்காகவே தாண்டினால் திமிர் என்று யார் வகுத்தது? பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாதுதான். கேட்கிறேன்.

உங்களைச் சொல்லவில்லை ஆச்சி. கடற்படையின் பாய்மரப் படகு தாரிணியில் தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்களே, அந்தச் செய்தியை நான் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்பியது நீங்கள். ரூபா புதுச்சேரிப் பெண் என்று கீழே தனியாக எழுதியிருந்தீர்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை.

சரி, எழுத வந்த விஷயம். அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை வட பசிபிக், 5,000 கடல் மைலுக்கு மேல், போன தடவையைவிடக் குளிர் அதிகம். யோசித்து, வேண்டாம் என்று விட்டு, மறுபடி யோசித்து எடுத்த முடிவு. திவசத்தன்று யார் வாயிலிருந்தாவது இது உங்களுக்குத் தெரியவரக் கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன். கோபப்படுங்கள், எனக்கும் உங்கள் மேல் கோபம் போகவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அவசரம் என்றால் வீட்டில் யாரைத் தொடர்புகொள்வது என்று ஒருவர் பெயர் கேட்கிறார்கள், வீட்டிலிருந்து செய்தி வந்தால் படகில் இருப்பவரிடம் உடனே சொல்லலாமா, கரைக்கு வரும்வரை வைத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இரண்டாவதற்கு 'உடனே' என்று டிக் அடித்துவிட்டேன். முதலாவதில் போன தடவை உங்கள் பெயர் இருந்தது. இந்தத் தடவை அப்படிப் போட முடியாது, ஏனென்றால் அந்த வீட்டிலிருந்து எனக்கு வர வேண்டிய செய்தி இனிமேல் உங்களைப் பற்றியதுதான். உங்கள் சுகர் எவ்வளவு என்று சின்னவள் சொன்னாள், அவளைத் திட்டாதீர்கள்.

அவள் பெயரைத்தான் போடப்போகிறேன். ஆனால் நீங்கள் சொன்னதை அவள் மீற மாட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு "தம்பிக்குச் சொல்லாதே" என்று நீங்கள் சொன்னால், சொல்ல மாட்டாள். அதனால் இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள் ஆச்சி, நான் கேட்கும்படியாக, என் எதிரிலேயே. திவசம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கேட்பேன். விண்ணப்பத்தை அந்த வாரக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

தம்பி