வால்நட் கட்டையின் தரமும் துவக்கின் கழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் வாழும் எம்மவர் சிலர் மான் வேட்டைக்கெனத் தனியாகச் செய்விக்கும் ரைபிள்களைப் பற்றித் தங்கள் வார இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். துவக்கின் குழலையும் பொறியையும் தாங்கும் வால்நட் மரக் கட்டையின் தரம் உயர உயர அதன் உறுதியும் உயரும் என்ற கருத்துப்பட அதில் ஒரு வசனம் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சுத்தொழிலைச் செய்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில், அந்த ஒரு வசனத்தை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். அதே எண்ணத்தோடுதான் ரொறன்ரோவில் இருக்கும் என் தமக்கையின் மகனும் சென்ற மாதம் ஐந்து கட்டைகளின் படங்களை அனுப்பி, “மாமா, ஆகத் திறமான தரத்தையே எடுக்கட்டோ?” என்று கேட்டிருந்தான்.

வால்நட் கட்டைகளை விற்போர் அவற்றை ஸ்டாண்டர்ட், செமி ஃபான்சி, ஃபான்சி, எக்ஸிபிஷன் என்று பிரிக்கின்றனர்; சிலர் இலக்கமிட்டும் பிரிப்பர். எல்லா வியாபாரிகளையும் கட்டுப்படுத்தும் பொது அளவுகோல் ஒன்றும் இல்லாமையால், ஒருவருடைய ஃபான்சி இன்னொருவருடைய செமி ஃபான்சியாக இருக்கக்கூடும். இந்தத் தரங்கள் பெரும்பாலும் அளப்பது மரத்தின் முகத்தில் தெரியும் கோலத்தையே: புகை படர்ந்தாற்போன்ற கருங்கோடுகள், குறுக்கே ஓடும் அலைகள், மரம் கவராகப் பிரியும் இடத்தில் அறுத்த பலகையில் இறகு விரித்ததுபோல் எழும் வடிவம் ஆகியவை. எம்முடைய முதிரை மரத்திலும் அலைக்கோலம் உண்டு. அதைச் சீவுளியால் இழைத்தவர்களுக்கு, கண்ணுக்கு அழகான இடத்தில்தான் நார் புரண்டு கிடக்கும் என்பதும், அங்கேதான் சிராய் கிளம்பும் என்பதும் தெரியும்.

துவக்குக் கட்டையில் ஆக ஒடுங்கிய இடம், கை பற்றும் கழுத்து. வெடி தீரும்போது குழல் பின்னோக்கி உதைக்க, அந்த உதை முழுவதும் இந்தக் கழுத்தினூடாகவே, தோளில் பதியும் பின்பகுதியான பிடங்குக்கும் தோளுக்கும் போகிறது. போதாததற்கு, பொறியைப் பொருத்துவதற்காக அதன் முன்புறத்தில் உட்பக்கத்தைக் குடைந்தும் விடுகிறோம். எனவே அவ்விடத்தில் நார், கழுத்தின் சரிவோடு சேர்ந்து ஒரே நீட்டாக ஓட வேண்டும். நார் பாதிவழியில் பக்கவாட்டாக வெளியேறினால், அந்தக் கோட்டிலேயே கட்டை பிளக்கும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. வன்னியில் கோடரிக்குப் பிடி போடும் எந்தக் கமக்காரரும் கம்பைக் கையிலெடுத்தவுடன் நார் ஓட்டத்தைத்தான் பார்ப்பார்; கோலத்தைப் பார்த்துப் பிடி தெரிந்தவரை நான் கண்டதில்லை.

1970களில் என் தந்தையார் வயற்காவலுக்கென அனுமதிப்பத்திரத்துடன் ஓர் ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருந்தார். பன்றிக்குக் காவல் இருந்த ஓர் இரவில் அது காவற்கொட்டிலின் பரணிலிருந்து தவறி விழுந்தது. குழலுக்கோ பொறிக்கோ ஒன்றும் ஆகவில்லை. கழுத்து மட்டும் சாய்வாகப் பிளந்துவிட்டது. ஒட்டுவதற்காக அதைப் பிரித்துப் பார்த்தபோது, பிளவு நார் வழியே கத்தியால் கீறியதுபோலப் போயிருந்ததைக் கண்டேன். பித்தளைத் தகடு சுற்றி நான் செய்த அந்தத் திருத்தம் பல போகங்களுக்கு நின்றது. ஆனால் முதலில் அந்தக் கட்டையை வெட்டியவர் பலகையைச் சற்றே திருப்பி வைத்துக் கோடு கீறியிருந்தால் அந்த வேலையே வந்திராது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஏந்திய எம்1 கராண்ட் துவக்குகளின் கட்டைகள் பெரும்பாலும் அமெரிக்கக் கருவால்நட்டில் ஆனவை. கோலம் என்று சொல்ல அவற்றில் அதிகம் இராது. நேர்நார் மரம் என்பதே அவற்றின் சிறப்பு. இன்றைய விற்பனைப் பட்டியலில் அவை கீழ்த்தட்டுத் தரத்தில்தான் நிற்கும்.

அதற்காகக் கோலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடங்கின் பின்பகுதி அகன்றது, உதையைத் தாங்கப் போதிய மரம் உள்ளது. அங்கே எவ்வளவு கோலமும் இருக்கலாம். நல்ல எக்ஸிபிஷன் கட்டை என்பது கோலம் பிடங்கோடு நின்று, கழுத்திலும், குழலின் கீழே நீளும் முன்கட்டையிலும் நார் நேராக ஓடும் கட்டையே. அப்படிப்பட்டது அரிது என்பதால்தான் அதற்கு அந்த விலை. இறகுக்கோலம் கழுத்துவரை ஏறிவிட்ட கட்டையைச் சுவரில் மாட்டி வைக்கலாம்.

முன்கட்டையின் கதை வேறு. அங்கே பயம் பிளவுக்கு அல்ல, நெளிவுக்கு. மாரியில் இறுகும் எங்கள் வீட்டுக் கதவு கச்சான் காற்றில் தளர்வதை நாம் அறிவோம். கருவால்நட் பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்வரை ஆண்டு வளையத்தின் திசையில் ஏறத்தாழ 7.8 வீதமும், அதற்குக் குறுக்கே, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 5.5 வீதமும் சுருங்கும். நார் சுழன்று கிடக்கும் முன்கட்டை ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசைந்து குழலை நெருக்க, நேற்றுச் சரியாகப் பட்ட குறி இன்று விலகும். சூடேற்றிய வீட்டின் வறட்சிக்கும் இலையுதிர்காலக் காட்டின் ஈரத்துக்கும் இடையே துவக்கைக் கொண்டு திரியும் கனடாக்காரருக்கு இது சிறிய விடயம் அல்ல. நன்கு பதப்பட்ட கட்டையா என்பதையும், குடைந்த உட்பகுதிகளுக்கும் எண்ணெய் பூசப்படுமா என்பதையும் கேட்டறிவது, தரத்தின் பெயரைக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

மர இனத்தையும் தரத்தோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. ஆங்கில வால்நட், துருக்கி வால்நட், பிரெஞ்சு வால்நட் என்பன ஒரே இனத்துக்கு வளர்ந்த இடத்தை வைத்து வழங்கும் பெயர்கள். அது நெருக்கமான நாருடையது. பிடியில் நுண்ணிய கட்டக்கோடுகள் வெட்டினால் உதிராமல் நிற்கும். கருவால்நட் அதைவிடச் சற்றுத் திறந்த நாருடையது. கலிபோர்னியாவின் கிளாரோ வால்நட் மிகப் பகட்டான கோலம் தரும், ஆனால் பெரும்பாலும் மென்மையானது.

மருமகன் இன்னொன்றும் கேட்டான்: எங்கள் பாலை மரத்தில் ஒரு கட்டை செய்து அனுப்ப முடியுமா என்று. அவனுடைய ஊர்ப்பற்றை மெச்சினேன். வால்நட் ஒரு கனமீற்றருக்குச் சுமார் 600 முதல் 650 கிலோ. பாலை 1000 கிலோவைத் தாண்டும், தண்ணீரில் தாழும். வீட்டு வளைக்கும் தூணுக்கும் பாலையை மிஞ்ச மரமில்லை, ஆனால் அதைத் தோளில் சுமந்து பகல் முழுதும் பனிக்காட்டில் நடப்பவன் இரண்டாம் நாளே என்னைத் திட்டுவான்.

அவன் அனுப்பிய ஐந்தில், விலைப்படி நடுவில் இருந்த மூன்றாவது கட்டையின் நார்தான் கழுத்தில் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் ஒரு பக்கப் படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்பதால், மறுபக்கத்தையும் மேற்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பும்படி வியாபாரியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். தாங்களும் அடுத்த இதழில் அந்த வசனத்தைத் திருத்தி வெளியிட்டால், அதை நம்பிப் பணம் கட்டவிருக்கும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தச்சுத்தொழிற் போதனாசிரியர்,
ஒட்டுசுட்டான்.