மேலூர்ச் சாக்கடை, கீழூர்க் குடிநீர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது, பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எல்லாரும் நலம். வீட்டில் அவளுக்கு முட்டிவலி, ஜூன் ஜூலைக் குளிரில் கொஞ்சம் கூடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. பெரியவள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். பக்கத்து வீட்டுப் பாட்டி, கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தில் நாலாவது தலைமுறை, அதைப் பார்த்துச் சிரிக்கிறார்: "எங்க வீட்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். சுற்றியுள்ள ஊராட்சிகளைத் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம், ஒரே அதிகாரி, அதனால் நொய்யல் ஆற்றுக்கும் விடிவு வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை மாப்ளே. டர்பனில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். நிறவெறி ஆட்சியில் வெள்ளைக்காரர் ஊருக்குத் தனி நிர்வாகம், இந்தியர் பகுதிக்கு ஒரு கணக்கு, கறுப்பர் குடியிருப்புக்கு வேறொரு கணக்கு என்று துண்டு துண்டாகக் கிடந்ததை 90களில் படிப்படியாகச் சேர்த்து, 2000 டிசம்பர் தேர்தலோடு ஈதெக்வினி என்று ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். பைன்டவுன், வெஸ்ட்வில், டோங்காட் எல்லாம் இன்று அதற்குள்தான். அந்த இணைப்பு தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கடற்கரைப் பணக்காரப் பகுதியில் வசூலாகும் வீட்டுவரி இனாண்டா கறுப்பர் குடியிருப்பில் குழாய் போடப் பயன்பட வேண்டுமென்றால் ஒரே கஜானா இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் ஆறு? எங்கள் ரிசர்வாயர் ஹில்ஸுக்குக் கீழே பாமியெட் என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. பைன்டவுன் பக்கம் புறப்பட்டு, வெஸ்ட்வில் வழியாக வந்து, குவாரி ரோடு குடிசைப் பகுதியைத் தாண்டி உம்கேனி ஆற்றில் சேருகிறது. மேலே வீடும் கடையும் வாகன நிறுத்தமும் பெருகப் பெருக மழைத்தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் அத்தனையும் கீழே பாய்கிறது, அடி வாங்குவது குடிசைகள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்தார்கள், உனக்கு நினைவிருக்கும், நீ போன் போட்டுக் கேட்டாய். அந்தக் குடிசைகளிலும் தண்ணீர் புகுந்தது. அப்போது மேலூரும் கீழூரும் ஒரே மாநகராட்சியாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எல்லையை எவ்வளவு தள்ளிப் போட்டாலும் அதற்கு அப்பால் ஓர் ஊர் இருக்கத்தான் செய்யும். டர்பன் குடிக்கும் தண்ணீர் முக்கால்வாசி டர்பனுடையதே இல்லை. உம்கேனி மேற்கே மலைப்பக்கத்துச் சதுப்பு நிலத்தில் பிறந்து, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா என்று நாலு அணைகளில் நின்று நின்று வருகிறது. அதுவும் போதாமல் மூய் என்ற இன்னோர் ஆற்றுத் தண்ணீரை மிட்மாருக்கு மேலே கொண்டுவந்து சேர்க்கிறார்கள், அதற்கென்றே ஸ்பிரிங் குரோவ் அணை கட்டினார்கள். இதில் நேகிளுக்கும் இனாண்டாவுக்கும் நடுவில்தான் உம்சுண்டுசி வந்து கலக்கிறது. அது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊருக்குள் ஓடிவரும் ஆறு, இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர், வேறு நகராட்சி, வேறு மாவட்டம், வேறு கவுன்சிலர்கள். அந்த ஊரின் பாதாளச் சாக்கடை எங்கே பொங்கினாலும் அது இனாண்டாவுக்குத்தான் வரும். இனாண்டா தண்ணீர் விகின்ஸ் சுத்திகரிப்பு நிலையம் வழியாக டர்பன் குழாய்க்கு வரும். இனாண்டாவில் படரும் ஆகாயத்தாமரையைப் பார்த்தால் உனக்கு நம்மூர்க் குளம்தான் ஞாபகம் வரும். சாக்கடைச் சத்தை உண்டுதான் அது அப்படிக் கொழுக்கிறது. வருடா வருடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை டூசி என்ற படகுப் போட்டி நடக்கிறது, 1951இல் தொடங்கியது. அதில் துடுப்புப் போடுகிறவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு "டூசி வயிறு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2019இல் அந்த ஊரில் ஓர் ஆலையிலிருந்து எண்ணெய் கசிந்து பெய்ன்ஸ்ப்ரூட் ஓடை வழியாக ஆற்றில் இறங்கி, மீன்கள் மொத்தமாகச் செத்து மிதந்தன. அந்த ஓடைக்கரையில் சோபான்ட்டு என்ற குடியிருப்பின் ஆட்கள் காய்கறி போடுகிறார்கள்.

உனக்கு இதெல்லாம் புதிதா என்ன? கோயம்புத்தூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம், அதற்குக் கீழே கரூர் விவசாயி. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நீ கண்ணால் பார்த்தது. அங்கே கோர்ட் படியேறியது யார்? ஆற்றின் கடைசியில் இருந்தவன். இங்கேயும் கடைசியில் இருக்கிற ஊர் டர்பன்தான், ஒரே வித்தியாசம், இந்தக் கடைசி ஊரிடம் காசு இருக்கிறது. அதனால்தான் இங்கே வேறு ஒன்றைச் செய்து பார்க்க முடிகிறது.

2013இல் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், நடுவிலுள்ள மாவட்டம், தண்ணீர் வாரியம் எல்லாம் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அணையும் குழாயும் கட்டுவதோடு நிற்காமல் மேலே இருக்கிற சதுப்பு நிலம், ஓடைக்கரை, புல்வெளி இதையெல்லாம் காப்பாற்றினால்தான் கீழே தண்ணீர் வரும் என்பது அதன் சாரம். பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும் என்பாய். எனக்குப் பிடித்தது பேப்பர் இல்லை, ம்போபொமேனி.

அது மிட்மார் அணைக்கு மேலே இருக்கும் ஒரு கறுப்பர் குடியிருப்பு. அந்த ஊர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்துத் தெருத்தெருவாக நடக்க வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு போன், அவ்வளவுதான். எந்த மேன்ஹோல் பொங்குகிறது, எந்தக் குழாய் கசிகிறது என்று படம் எடுத்துப் பதிவு செய்வார்கள், வீட்டுக்குள் போய் எதைக் கழிப்பறையில் போடக் கூடாது என்று சொல்வார்கள். எங்கள் அலுவலக நண்பர் ஒருவரோடு நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சரிவில் ஒரு மேன்ஹோல், மூடி பாதி நகர்ந்து கிடந்தது. சாம்பல் நிறத்தில் தண்ணீர் புல்லுக்குள் புகுந்து கீழே போய்க்கொண்டிருந்தது, ஓரமாக ஒரு பழைய துணியும் சமையல் கொழுப்பும் திரண்டு கட்டியாக ஒதுங்கிக் கிடந்தன. எங்களோடு வந்த பெண் குனிந்து பார்த்து, இது பழைய அடைப்பு, போன தடவை எடுத்த படம் இருக்கிறது என்று போனைத் தள்ளிக் காட்டினார். அங்கிருந்து நிமிர்ந்தால் அணை தெரிகிறது. நூறு பக்க மாஸ்டர் பிளானை விட அந்தப் பெண்ணின் போன் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் அவருக்குச் சம்பளம்? அங்கேதான் இடிக்கிறது. ஒரு திட்டத்தில் பணம் வரும், திட்டம் முடிந்தால் ஆளும் நின்றுவிடுவார். டர்பன்காரன் வரிப்பணத்தை எடுத்துப் பக்கத்து ஊர் மேன்ஹோலுக்குச் செலவழிக்கிறேன் என்று எந்தக் கவுன்சிலர் ஓட்டுக் கேட்பார்? இங்கே ஐந்து வருடத் திட்டம் ஒவ்வொரு நகராட்சியும் போட வேண்டும், 2000ஆம் வருடச் சட்டம் அப்படி. அக்கம்பக்கத்து ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓரமாக ஹாமர்ஸ்டேல், கேம்பர்டவுன் பக்கம் குடோன் கட்ட ஒரு கம்பெனி வந்தால், வரி எங்களுக்கு வரட்டும் என்றுதான் ஒவ்வொரு ஊரும் நினைக்கும். வரி ஓர் ஊருக்கு, வெள்ளமும் கழிவும் இன்னோர் ஊருக்கு.

என்னைக் கேட்டால் தண்ணீர் வாரியம்தான் வழி. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் மொத்தமாகத் தண்ணீர் விற்பது அதுதான், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டார்வில் கழிவுநீர் நிலையத்தை நடத்துவதும் அதுதான். ஒரு கிலோலிட்டருக்குச் சில சென்ட் கூடுதலாக வைத்து, அந்தக் காசு மேலூர் மேன்ஹோலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் மட்டும் என்று எழுதிவிட்டால் எந்தக் கவுன்சிலரையும் கெஞ்ச வேண்டாம். விலை கூட்டினால் ஏழை தலையில் விழும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சண்டைக்கு வருகிறார். அதிலும் நியாயம் உண்டு. டர்பனில் குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் கணக்கில்லாமல் போகிறது, முதலில் அதை அடைத்து நிறுத்துங்கள் என்கிறார். இரண்டையும் செய்யலாம் என்கிறேன், அவர் ஒத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு நேரம் இப்படித்தான் போகிறது.

அதனால் உங்கள் ஊர் இணைப்புக் கூட்டத்துக்குப் போனால் எல்லைக் கோடு எங்கே என்று கேட்காதே. திருப்பூரில் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு கீழே கரூர்ப் பக்கம் போகுமா, மேலே ஆறு பிறக்கிற இடத்துக்கு ஏதாவது போகுமா, அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று கேள். பதில் வந்தால் எனக்கு எழுது.

அப்புறம், பெரிய வெள்ளி அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். பண்ணாரியில் குண்டம் இறங்குவது போல இங்கே அன்றைக்குத்தான் தீமிதி. சின்னவன் இறங்குகிறேன் என்று நின்றான், அவன் அம்மா விடவில்லை. பொங்கலுக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வந்தால் ஒரு நாள் ஒரத்துப்பாளையம் கூட்டிப் போ, இவனுக்குக் காட்ட வேண்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய கூட்டாளி