12 நாளில் நான்கு நாடு: ஒரு பழைய ரயில்வேக்காரனின் ஆட்சேபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், ‘12 நாளில் நான்கு நாடு’ என்று கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கென்யா, தான்சானியா, ருவாண்டா, உகாண்டா நான்கையும் சுற்றி, மலைக் கொரில்லாவையும் சிம்பன்சியையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நாள்வாரியாகக் கட்டம் போட்டுக் காட்டியிருந்தீர்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. மதுரை ரயில்வே கோட்டத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கட்டுப்பாட்டு அறையில், எந்த வண்டியை எங்கே நிறுத்தி எதை முன்னால் விடுவது என்று கோடு போட்டே கழிந்தது. உங்கள் கட்டுரையின் அட்டவணைப்படி வண்டி ஓட்டினால் முதல் நாளே நடுவழியில் நிற்கும்.

இதை வெறும் வாய்ச்சவடாலாக எழுதவில்லை. போன ஆகஸ்டில் நான், மனைவி, மகள், 13 வயதுப் பேரன் நால்வரும் அங்கே போய்வந்தோம். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் (பெயர் வேண்டாம்) முதலில் கொடுத்த திட்டமும் ஏறக்குறைய உங்கள் கட்டுரையைப் போலத்தான் இருந்தது. மூன்று வாரம் அதை வைத்துக்கொண்டு சிவப்பு மையால் திருத்தினேன். வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள்.

முதலில் வயது. கொரில்லா பார்க்கக் காட்டுக்குள் நுழைய 15 வயது நிறைந்திருக்க வேண்டும். உகாண்டாவிலும் இதே விதி, ருவாண்டாவிலும் இதே விதி. பிள்ளைகளுக்கு வருகிற சளி, அம்மை போன்றவை கொரில்லாவுக்கு எளிதில் தொற்றும் என்பது ஒரு காரணம். பெரிய ஆண் கொரில்லா பொய்யாகப் பாய்ந்து மிரட்டும்போது பிள்ளைகள் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது இன்னொன்று. உங்கள் கட்டுரையோ ‘குடும்பத்தோடு, குழந்தைகளோடு’ என்று அழைக்கிறது. எங்கள் ஏற்பாட்டாளரும் பேரனையும் சேர்த்து நான்கு பெர்மிட்டுக்கு, அதாவது கொரில்லா பார்க்கும் அனுமதிச் சீட்டுக்கு, கணக்குப் போட்டிருந்தார். உகாண்டாவில் ஒரு பெர்மிட் 800 டாலர், ஏறத்தாழ 70,000 ரூபாய். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் வாங்குகிற சீட்டு அது. வாசலில் போய் நின்று பேரனைத் திருப்பி அனுப்பியிருந்தால் அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

இந்த பெர்மிட்தான் முழுப் பயணத்துக்கும் ஒற்றைத் தண்டவாளம். பழக்கப்படுத்திய ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேரைத்தான் விடுகிறார்கள், அதுவும் ஒரு மணி நேரம் மட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைந்த மாதங்களில் உலகமே அந்தச் சீட்டுக்கு நிற்கிறது. எனவே முதலில் அந்தத் தேதியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சிங்கம், யானை, விமானம், விடுதி எல்லாவற்றையும் லூப் லைனில், அதாவது வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளத்தில், ஒதுக்க வேண்டும். கட்டுரையில் விமான டிக்கெட் முதலிலும் கொரில்லா கடைசியிலும் வருகின்றன.

பெர்மிட்டில் தேதியோடு இடமும் இருக்கிறது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. உகாண்டாவின் பிவிண்டி காட்டில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, நிகுரிங்கோ என்று நான்கு பகுதிகள். எங்கள் முதல் திட்டத்தில் அறை புஹோமாவில், பெர்மிட் ருஷாகாவில். வரைபடத்தில் விரல் வைத்தால் இரண்டும் ஒரே பச்சைத் திட்டு. தரையில் அந்தக் காட்டைச் சுற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை எட்டு மணிக்குள் அங்கே கூடி விளக்கம் கேட்க வேண்டும். நான் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, ‘அதிகாலையில் கிளம்பினால் போய்விடலாம் சார்’ என்றார் ஏற்பாட்டாளர். ரயில்வேயில் இந்த ‘போய்விடலாம் சார்’ எத்தனை முறை காதில் விழுந்திருக்கும்! அறையை ருஷாகாவுக்கு மாற்ற வைத்தேன்.

அடுத்தது தான்சானியா. கென்யாவின் மாசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி என்ற இரண்டு வனவிலங்குக் காப்பகங்களும் ஒட்டியே கிடக்கின்றன. வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான் வகை விலங்கின் மந்தைகள் லட்சக்கணக்கில் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போகின்றன. ‘காலை மாராவிலிருந்து செரங்கெட்டிக்கு, 3 மணி நேரம்’ என்று கட்டுரையில் ஒரு வரி. விலங்குக்குத் திறந்திருக்கிற அந்த எல்லை சுற்றுலாப் பயணிக்குத் திறந்தில்லை. இசபானியா என்கிற எல்லைச் சாவடிக்குச் சுற்றிப் போய், முத்திரை குத்தி, கென்ய வண்டியிலிருந்து இறங்கித் தான்சானிய வண்டியில் ஏறி, மறுபடியும் உள்ளே போக வேண்டும். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். தவிர, கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா உண்டு. 100 டாலர், 90 நாள் செல்லும், முதலில் இறங்குகிற நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். தான்சானியா அதில் சேரவில்லை. ஆகஸ்டில் மந்தைகளும் மாரா பக்கம்தான் நிற்கின்றன. நான் தான்சானியாவைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். கிளிமஞ்சாரோவைத் தூரத்திலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மகளுக்கு என்மேல் இன்னும் வருத்தம் இருக்கிறது.

மாராவும் மலிவில்லை. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 200 டாலர். வருடத்தின் முதல் ஆறு மாதம் அதில் பாதி. கட்டுரையில் இருப்பது பழைய கட்டணம்.

இனி, கொரில்லாவை ருவாண்டாவில் பார்ப்பதா உகாண்டாவிலா? கட்டுரையாளர் ருவாண்டா என்கிறார். அங்கே பெர்மிட் 1,500 டாலர். 2017இல் ஒரே நாளில் 750இலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். கிகாலி விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தில் எரிமலைப் பூங்காவின் அடிவாரத்துக்குப் போய்விடலாம் என்பது அதன் வசதி. கையில் நான்கே நாள் உள்ளவர்கள் அங்கேயே போகட்டும். எங்களுக்கு ஆளுக்கு 60,000 ரூபாய் மிச்சமாகிற பாதை போதுமாக இருந்தது. இரண்டு இடத்திலும் இருப்பது மலைக் கொரில்லாதான். கடைசிக் கணக்கெடுப்புகளின்படி உலகில் மொத்தமே 1,063. அதில் 459 பிவிண்டியில், மீதி ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் பங்குபோடும் விருங்கா மலைகளில். எந்த மிருகக்காட்சிசாலையிலும் இது கிடையாது. உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில், கம்பிக்குப் பின்னால் குட்டை ரோமத்தோடு உட்கார்ந்திருப்பது சமவெளிக் கொரில்லா என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குக் கட்டுரை அரை வரி ஒதுக்கியிருக்கிறது. அது போதாது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் நம் நாட்டுக்குத் திரும்பும்போது ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். எல்லா மருத்துவமனையிலும் இதைப் போடுவதில்லை. நாங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வருவதுண்டு என்பதால், எனக்கும் (64) மனைவிக்கும் (61) மருத்துவர் நிறையக் கேள்வி கேட்டார். உங்கள் வாசகர்களில் என் வயதுக்காரர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். தங்கள் மருத்துவரிடம் பேசாமல் அவர்கள் பணம் கட்டக் கூடாது.

நாங்கள் கடைசியில் போனது 14 நாள், மூன்று நாடு. நைரோபியில் இறங்கிய மறுநாள் காலை, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் எல்லோரையும் ரயில்வே அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனேன். 1896இல் மொம்பாசாவில் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரியைத் தொட்ட ரயில் பாதையின் கதை அங்கே இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போட்ட பாதை. மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர்! நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் கோட்டத்தில் ஓடிய அதே அகலம். 1900இல் சிங்கம் ஏறி ரையால் என்ற போலீஸ் அதிகாரியை இழுத்துப்போன பெட்டியும் அங்கே நிற்கிறது. பேரன் அதன் ஜன்னலை அளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரா முடிந்து விமானத்தில் உகாண்டாவின் என்டபே, அங்கிருந்து கிபாலே காடு. மகளும் நானும் சிம்பன்சி பார்க்கப் போனோம். அதற்கு பெர்மிட் 250 டாலர். சிம்பன்சி என்றால் சத்தம், ஓட்டம், மரத்துக்கு மரம் கூச்சல், பின்னால் நாம் மூச்சிரைத்துக்கொண்டு. அதே நேரத்தில் பேரனும் பாட்டியும் பக்கத்தில் பிகோடி சதுப்பில் நடந்து, செந்நிறக் கோலோபஸ் குரங்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள், காலில் சேறோடும் முகத்தில் எங்களைவிட அதிகமான சந்தோஷத்தோடும். அடுத்து இஷாஷா என்ற இடத்தில் அத்தி மரம் ஏறும் சிங்கம் உண்டு என்றார்கள். இரண்டு மணி நேரம் அத்தி மரத்தைத்தான் பார்த்தோம்.

கொரில்லா நாளன்று எங்கள் அட்டவணையிலும் ஒரு விபத்து. விளக்கக் கூட்டத்தில் வனக்காவலர், ‘சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் இப்போதே சொல்லுங்கள்’ என்றார். முந்தின இரவிலிருந்து மகளுக்குத் தொண்டை கரகரப்பு. முகக்கவசம் போட்டிருந்தாள், சொல்லாமல் இருந்திருக்கலாம். கையைத் தூக்கிவிட்டாள். அவளுடைய பெர்மிட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை, அது அவள் சம்பளம். பேரனோடு விடுதியில் இருந்துவிட்டாள். பிற்பகலில் இருவரும் பத்வா மக்களைப் பார்க்கப் போனார்கள். 1991இல் தேசியப் பூங்கா அமைத்தபோது அந்தக் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். தேன் எடுப்பதையும் தீ மூட்டுவதையும் இன்று பயணிகளுக்குச் செய்துகாட்டிக் காசு வாங்குகிறார்கள். ‘அவங்க வீட்டை நீங்க டிக்கெட் வாங்கிப் பார்த்தீங்களா தாத்தா?’ என்று அன்று இரவு பேரன் கேட்டான்.

மனைவிக்கு முழங்கால் வலி. ஒரு போர்ட்டர் பெண்ணைக் கூலிக்கு அமர்த்தினோம், 20 டாலர். பை கனக்கவில்லை என்றாலும் போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள், வழுக்கும் இடத்தில் அந்தக் கைதான் காப்பாற்றும். நடக்க முடியாதவர்களைப் பலகை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் சுமந்து போகவும் ஆள் உண்டு. அதை அவர்கள் ‘ஹெலிகாப்டர்’ என்கிறார்கள். ‘செத்தால்தான் நான்கு பேர் தோள்’ என்று மனைவி மறுத்துவிட்டாள். செந்தட்டிச் செடி உரசினால் எரிகிற சரிவில், முன்னால் ஒருவர் அரிவாளால் வழி வெட்ட, இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தோம்.

முதலில் வந்தது வாடை. நாள் முழுக்க மூட்டை தூக்கியவரின் சட்டை வாடை. வழிகாட்டி நின்று, தொண்டையை இரண்டு முறை செருமினார். ஊரில் பெரியவர்கள் அடுத்த வீட்டு வாசலில் கால் வைக்குமுன் செருமுவார்களே, அப்படியே. புதருக்குள்ளிருந்து அதே செருமல் பதிலாக வந்தது. வரலாம் என்று பொருளாம். 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி. முதுகு வெளுத்த அந்தப் பெரிய ஆணுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கொடியை இழுத்து, இலையை வாயால் உருவி, தண்டைப் போட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நீளமாகக் காற்றுப் பிரித்தது. மனைவி முகக்கவசத்துக்குள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஒரு குட்டி அதன் முதுகில் ஏறிச் சறுக்கி, மறுபடி ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தது. நான் ஏழு படம் எடுத்தேன். ஆறில் இலை.

மறுநாள் கிசோரோ வழியாகச் சானிக்கா எல்லையைக் கடந்து ருவாண்டா. எல்லை தாண்டியதும் வண்டி சாலையின் வலது பக்கத்துக்கு மாறியது, கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தோம். உங்கள் அட்டவணையில் இந்த ஒரு மணி நேரமும் இல்லை. அங்கே 2008 முதல் பாலிதீன் பைக்குத் தடை. மனைவி பருப்புப் பொடி கட்டி வைத்திருந்த இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டார்கள். பொடி என் தொப்பிக்கு மாறியது.

கேட்பது ஒன்றுதான். வயது வரம்பு, மாரா–செரங்கெட்டி எல்லை இவை இரண்டுக்காவது வரும் ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தக் கட்டத்தை வெட்டி வைத்துக்கொண்டு முன்பணம் கட்டப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் இருக்கிறார்கள்.

பேரனுக்கு இன்னும் ஒன்றரை வருடத்தில், மார்ச் மாதம், 15 நிறைகிறது. அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்கிறான். மார்ச்சில் அங்கே மழை தொடங்கிவிடும், ஜூன் வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
மதுரை.