மாடி தாண்டி வந்த தண்ணீருக்கு நன்றி

காசாவின் மகாஸி அகதி முகாமில் எங்கள் சந்துக்காரர்கள் எல்லாருக்கும்,

வீடு தேடி வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. கொரோனா ஊரடங்கில் இன்னும் அப்படிப் போய்வர முடியாததால் எழுதுகிறேன்.

2020 மார்ச்சிலிருந்தே கல்யாண மண்டபமும் பள்ளிவாசலும் மூடுவதையும் திறப்பதையும் பார்த்துவிட்டோம், ஆனாலும் வெளியூரிலிருந்து வருபவர்களைத் தனியாக வைத்திருக்கும் இடங்களோடு கொரோனா நின்றுவிடும் என்றுதான் நம்பியிருந்தோம். ஆகஸ்ட் 24 அன்று காசாவில் அந்த இடங்களுக்கு வெளியே முதல் தொற்று, அதுவும் எங்கள் முகாமிலேயே. அன்று ராத்திரியே ஊரடங்கு.

வந்த நேரத்தைப் பாருங்கள். இஸ்ரேல் எரிபொருளை உள்ளே விடாததால் காசாவின் ஒரே மின் நிலையம் 18-ஆம் தேதியே நின்றுபோயிருந்தது. ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான் கரண்ட். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறாது. கை கழுவுங்கள் கழுவுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறார்கள், 9 பேர் இருக்கிற வீட்டில் எதைக் கொண்டு கழுவுவது? எங்கள் மோட்டார் வேறு அந்த வாரம்தான் எரிந்துபோனது.

பக்கத்து வீட்டுப் பெரியவரே, ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்தால் உங்கள் தொட்டி நிரம்பும்வரைகூடக் காத்திருக்காமல் அந்தப் பச்சைக் குழாயை எங்கள் மாடிக்கு வீசுவீர்கள். அது தொப்பென்று விழுகிற சத்தத்தில்தான் நாங்கள் விழிப்போம். நான் மாவு பிசைய உட்காருவேன், மகள் துணி துவைக்கப் போவாள், பையன் வீட்டிலிருக்கிற ஒரே போனைச் சார்ஜில் போடுவான்.

மூன்று பிள்ளைகளின் பாடமும் அந்தப் போனில்தான். இங்கே வீடியோ திறக்காது என்று புரிந்துகொண்டு பாடத்தைக் குரல் பதிவாக வாட்ஸப்பில் அனுப்பிய டீச்சர், உங்களுக்கும் நன்றி. ஒரு பதிவில் உங்கள் கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அதைத் தட்டிக்கொடுத்தபடியே வகுத்தல் கணக்கை முழுசாகச் சொல்லி முடித்தீர்கள். அதை என் சின்னவன் நான்கு தடவை போட்டுக் கேட்டான்.

கணவரின் டாக்ஸி வாசலிலேயே நின்றது, ஓட்டினால்தான் அன்றைய காசு. அப்போது ஐ.நா. நிவாரண முகமையின் மாவும் அரிசியும் எண்ணெயும், மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் வாசலுக்கே வந்தன. வெயிலில் மூட்டையைத் தோளில் சுமந்து வந்த தம்பிகளே, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் எட்ட நின்று சலாம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

குழாய்த் தண்ணீர் ஒரே உப்பு, குடிக்க லாரித் தண்ணீர்தான். காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊற்றிவிட்டுப் போன லாரிக்கார அண்ணே, பாக்கியை எழுதி வைத்திருக்கிறேன், வண்டி ஓட ஆரம்பித்ததும் தந்துவிடுவோம்.

பெரியவரே, மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது. குழாயைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினேன், நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். சரி, எங்கள் மாடியிலேயே இருக்கட்டும்.